நீலத்திரை சொன்ன பெயர்கள்

எங்கள் ஊர்ப் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கினாற்போல் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. அதை நடத்தும் தம்பியின் முகத்தில் விழிக்கக் கூசி, ஓராண்டுக்கும் மேலாக நான் மார்க்கெட் வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வழி அரை கிலோமீட்டர் கூடுதல். மழைக்காலத்தில் மீன் கடைத் தண்ணீரும் சேறும் செருப்போடு வீடு வரை வரும். ஒரு ரேமுக்காக, கம்ப்யூட்டருக்குள் செருகும் ஒரு நினைவகத் துண்டுக்காக, ஒருவன் இவ்வளவு நடப்பானா என்று கேட்டால், நான் நடந்தேன்.

புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஐப்பசி பிறந்துவிட்டால் ஜனவரியில் வரும் சென்னைப் புத்தகக் காட்சிக்கான வேலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழும். 2024ஆம் ஆண்டும் அப்படித்தான். அறுநூறு பக்க நூல் ஒன்றைத் திறந்தால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. தம்பி வந்து பார்த்துவிட்டு 1,600 ரூபாய்க்கு 8 ஜிபி ரேம் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனார். பத்து நாள் சொர்க்கம். பதினோராம் நாள் பிற்பகலில், அடிக்குறிப்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, திரை முழுக்க நீலமாகி, அழுமூஞ்சிக் குறி ஒன்று வந்து, சதவீதக் கணக்கு ஓடி, கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தது. பதினான்கு பக்க வேலை போயிற்று.

மறுநாள் இரண்டு முறை. அதற்கடுத்த நாள் நான் எழுந்து போய்த் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், யாரும் தொடாமலே ஒரு முறை. புதிதாகச் சேர்ந்தது ரேம்; ஆகவே குற்றவாளியும் ரேம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சிபியூவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிக் கடைக்குப் போனேன். அங்கே இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே, மட்டமான சரக்கை என் தலையில் கட்டிவிட்டதாகச் சொன்னேன்.

தம்பி எதிர்த்துப் பேசவில்லை. ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “ஒரு ராத்திரி இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் அண்ணாச்சி, மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிடலாம்” என்றார். ரேமில் பழுது இருக்கிறதா என்று சோதிக்கும் மென்பொருள் அது. எனக்கு ஒரு ராத்திரியைக் கொடுக்க மனமில்லை. பணத்தைக் கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து 1,600 ரூபாயை எண்ணி, இரண்டாம் முறையும் எண்ணி, கையில் வைத்தார்.

பழைய ரேமோடு மட்டும் வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர், மறுநாள் மாலை ஆறு மணிக்கு அதே நீலத்தோடு விழுந்தது. அந்த நிமிடமே திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

இயக்கியும் இசக்கியும்

கம்ப்யூட்டரோடு சேரும் சாதனங்களை விண்டோஸுக்காக இயக்கிக் கொடுக்கும் சிறு நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அந்தச் சொல்லுக்குக் கலைச்சொல் அகராதிகள் ‘இயக்கி’ என்று போட்டிருக்கின்றன. எங்கள் தென்பக்கத்துக்காரர்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். இயக்கி என்றால் எங்களுக்கு இசக்கியம்மன். ஊர் எல்லையில் கையில் பிள்ளையோடு நிற்பவள். வேளாவேளைக்குப் பொங்கல் வைத்துவிட்டால் காப்பாள், மறந்தால் என்ன செய்வாள் என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இயக்கிகளின் குணமும் ஏறக்குறைய இதுதான் என்பதால், கலைச்சொல் ஆக்கியவருக்கு ஒரு கும்பிடு.

இந்த இயக்கிகள் நிற்கும் இடம்தான் சிக்கல். நாம் பயன்படுத்தும் சாதாரண மென்பொருள் தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர்களில் பெரும்பாலானவை கருவறைக்குள்ளேயே, இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு ஒரே இடத்தில் நின்று வேலை செய்கின்றன. உள்ளே போய்விட்ட பிறகு மைக்ரோசாஃப்ட் எழுதிய நிரலுக்கும் ஏதோ ஒரு கம்பெனி அவசரத்தில் எழுதிய நிரலுக்கும் அதிகாரத்தில் வேறுபாடு கிடையாது. அங்கே ஒருவர் தப்பு செய்தால், மேற்கொண்டு ஓடினால் கோப்புகள் பாழாகிவிடும் என்று விண்டோஸ் எல்லாவற்றையும் அந்தக் கணமே நிறுத்திவிடுகிறது. நீலத்திரை வருவது அப்படித்தான். ஒரு வகையில் அது நம் மேல் உள்ள அக்கறை. பதினான்கு பக்கம் போனவனிடம் இதைச் சொல்லிப் பார்க்கக் கூடாது.

இது புதிய கதையும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நிலைகுலைவுகளில் 85 சதவீதம் டிரைவர்களால் நேர்ந்தவை என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் எழுதினார்கள். அதற்கடுத்த பதிப்பான விஸ்டா வந்தபோது, பதிவான நிலைகுலைவுகளில் 28.8 சதவீதம், கிராஃபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா கம்பெனியின் டிரைவர்கள் கணக்கில் இருந்தது 2008இல் ஒரு வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்களால் தெரியவந்தது. மைக்ரோசாஃப்டின் சொந்தக் கணக்கு 17.9 சதவீதம். இந்த எண்களையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். முதலிலேயே படித்திருந்தாலும் ரேமைத்தான் குறை சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. டிரைவருக்கு நான் 1,600 ரூபாய் கொடுக்கவில்லையே.

ஐந்து விழுகை, நான்கு பெயர்

விண்டோஸ் விழும்போது சும்மா விழுவதில்லை. மரண வாக்குமூலம் போல ஒரு சிறு கோப்பை எழுதி வைத்துவிட்டு விழுகிறது. விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற உறையில் அவை தேதிவாரியாகக் கிடக்கும். புளூஸ்கிரீன்வியூ என்ற சின்ன இலவச மென்பொருளில் திறந்தால், எந்த டிரைவரால் விழுந்தது என்று ஒரு பத்தியில் பெயர் போட்டுக் காட்டும். என் கம்ப்யூட்டரில் அதுவரை ஐந்து கோப்புகள் சேர்ந்திருந்தன. ஆவலோடு திறந்தேன். முதல் விழுகைக்குக் காரணம் கெர்னலே என்றது. இரண்டாவதற்குக் கிராஃபிக்ஸ் டிரைவர். மூன்றாவதற்கு, வட்டில் கோப்புகளைப் பராமரிக்கும் என்டிஎஃப்எஸ். நான்காவதற்கு மீண்டும் கெர்னல். ஐந்தாவதற்கு ஒலிக்கான டிரைவர்.

அடுத்த மூன்று வாரம் நான் செய்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) போய் வேரோடு பிடுங்கிப் புதிதாகப் போட்டேன். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. வென்றுவிட்டேன் என்று இருந்தேன். மூன்றாம் நாள் விழுந்தது. ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளையை இரவெல்லாம் ஓடவிட்டேன். ஒலி டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பினேன். மின்சாரம்தான் காரணம் என்று ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு யுபிஎஸ்ஸை மாற்றினேன். தம்பி சொன்ன மெம்டெஸ்டையும், அவரிடம் கொடுக்க மறுத்த அதே ஒரு ராத்திரியைச் செலவழித்து, பென் டிரைவில் போட்டு நானே ஓட்டினேன். பிழை பூஜ்யம். ஒவ்வொரு முறையும் திரை ஒரு பெயரைச் சொல்லும்; நான் அந்தப் பெயருக்குரியதைப் போட்டு உதைப்பேன்.

விண்டிபக் என்று மைக்ரோசாஃப்டே தரும் ஆராய்ச்சிக் கருவி இருக்கிறது. அதன் பழைய பதிப்புகளில் அலசலின் முடிவில் ஒரு வரி வரும்: ‘ப்ராபப்ளி காஸ்ட் பை’. இதனால் நேர்ந்திருக்கலாம் என்று பொருள். அந்த ‘லாம்’ என்ற இரண்டெழுத்தை நான் படிக்கவே இல்லை. என் வேலையே மெய்ப்புப் பார்ப்பதும் எழுத்தெழுத்தாகப் படிப்பதும்தான்.

ஐந்து விழுகைக்கு நான்கு வெவ்வேறு பெயர் வந்ததே, அதுதான் தடயம். டிரைவரே கெட்டுப்போயிருந்தால் அதன் பெயரே திரும்பத் திரும்ப வரும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை மாறி மாறி விழுகின்றன என்றால், ஒன்று, எல்லோருக்கும் பொதுவான நினைவகம் பழுதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ ஒருவர் அந்தப் பொது நினைவகத்தில் கைவைத்துக்கொண்டிருக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து வளவு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரே முற்றம், ஒரே கிணறு, வீட்டுக்கு வீடு பொதுச் சுவர். கெர்னலில் இருக்கும் டிரைவர்கள் எல்லாம் அப்படி ஒரு வளவில்தான் குடியிருக்கின்றன. வேண்டிய அளவு இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அடுத்த துண்டு இன்னொருவருடையது. நடுவில் 16 பைட் அளவில் ஒரு சிறு தலைப்புச் சீட்டு மட்டும். நூறு பைட் கேட்டு வாங்கிய டிரைவர் நூற்றிருபது பைட் எழுதினால், பொதுச் சுவரில் இந்தப் பக்கம் அடித்த ஆணி அந்தப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்பது போல, பக்கத்து வீட்டுச் சீட்டு கிழியும். கிழித்தவருக்கு ஒன்றும் ஆகாது. வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார். சற்று நேரம் கழித்து, அடுத்த வீட்டுக்காரர் தன் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வரும்போது சீட்டு கிழிந்திருப்பதைக் கண்டு அங்கேயே மயங்கி விழுவார். விண்டோஸ் ஓடி வந்து பார்க்கும். விழுந்து கிடப்பவரின் பெயரை எழுதிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் சில மாதங்களுக்கு முன்பு, 2024 ஜூலை 19 அன்று, உலகமே நீலமானதை எல்லோரும் பார்த்தோம். விமான நிலையத்தில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் படங்கள் என் வாட்ஸ்அப்புக்கும் வந்தன. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் டிரைவர், புதிதாக வந்த கோப்பு சொன்னபடி 21ஆவது உள்ளீட்டைப் படிக்கப் போயிற்று. அதன் கையில் இருந்தவை 20. இல்லாத இடத்தில் கால் வைத்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. அதிலும் பிழை எல்லை தாண்டியதுதான். ஆனால் அது படிக்கத் தாண்டியது. ஆகவே தாண்டியவரே குப்புற விழுந்தார், திரையில் வந்த பெயரும் சரியான பெயர். எழுதத் தாண்டுகிறவர்தான் ஆபத்தானவர். அவர் விழுவதில்லை.

பொறி

இதற்கென்றே ஒரு கருவி விண்டோஸ் 2000 காலத்திலிருந்து எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் சும்மா படுத்திருக்கிறது. பெயர் டிரைவர் வெரிஃபையர். அதைப் பற்றிப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் பயம்தான். நாம் தேடுவது விழாமல் இருக்கும் வழி. இதுவோ இன்னும் சீக்கிரமாக விழவைக்கும் வழி. சந்தேகப்படும் டிரைவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், அவை கேட்கும் ஒவ்வொரு துண்டு இடத்தையும் தனித்தனியே 4,096 பைட் பக்கம் ஒன்றின் விளிம்பில் கொண்டுபோய் வைத்துவிடும். அதற்கு அடுத்த பக்கம் யாரும் நுழையக் கூடாத பக்கம். வளவு வீட்டைக் கலைத்து, ஒவ்வொருவரையும் தனித் தீவில் குடிவைத்து, வாசலுக்கு வெளியே கிணறு வெட்டி வைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த விளிம்பைத் தாண்டினால் தாண்டியவரே, தாண்டிய அதே கணத்தில், உள்ளே விழுந்தாக வேண்டும். நினைவகம் கன்னாபின்னாவென்று செலவாகும். கம்ப்யூட்டர் ஊர்ந்து போகும்.

மார்கழிக் குளிரில் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு அதை ஓட்டினேன். முன்னதாக, ஏதாவது ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றை எடுத்து வைத்தேன். எழும்போதே விழுந்து விழுந்து எழ ஆரம்பித்துவிட்டால் பாதுகாப்பு முறையில் நுழைந்து ரீசெட் கட்டளை கொடுக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன். செய்ய நினைக்கும் எவரும் இந்த இரண்டையும் செய்யாமல் தொடக் கூடாது. பிறகு மைக்ரோசாஃப்ட் தராத டிரைவர்களை மட்டும் பட்டியலிடச் சொன்னேன். பதினொன்று வந்தன. கிராஃபிக்ஸ், ஒலி, பிரின்டர் இவை எதிர்பார்த்தவை. எப்போதோ விற்றுவிட்ட ஒரு போனை இணைப்பதற்கான டிரைவர் இருந்தது. காயலான் கடைக்குப் போய்விட்ட ஸ்கேனருடையது இருந்தது. பூட்டுகள் தொலைந்த பிறகும் கொத்தில் தொங்கும் சாவிகளைப் போல, இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் அவையும் என்னோடு இருந்திருக்கின்றன. பட்டியலின் கடைசியில் வைஃபை டிரைவர். எல்லாவற்றையும் தேர்வு செய்து, கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினேன்.

வழக்கத்தைவிட நெடுநேரம் எடுத்துத்தான் எழுந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்தேன். வலது மூலையில் வைஃபை குறி இணையத் துடித்துக்கொண்டிருந்தது. இணைந்த அடுத்த நொடியே நீலம். மூன்று வாரமாகப் பார்த்த நீலம்தான். ஆனால் இந்த முறை வந்த பிழைச் செய்தி வேறு: ஒதுக்கிய இடத்தின் முடிவுக்கு அப்பால் கைவைத்ததாக, டி6 என்ற எண்ணோடு. அடியில் வைஃபை டிரைவரின் பெயர். அதுவரை வந்த கோப்புகளில் ஒரு தடவைகூடத் தலைகாட்டாத பெயர்.

நம்ப முடியாமல் வைஃபை அடாப்டரைப் பிடுங்கிவிட்டு எழுப்பினேன். மெதுவாக, ஆனால் ஒழுங்காக ஓடியது. செருகினேன், ஒரு நிமிடத்துக்குள் விழுந்தது. திரும்பவும் பிடுங்கி, திரும்பவும் செருகினேன். மணி ஒன்றரை. ஒரு பொருள் இவ்வளவு நாணயமாக, சொன்ன சொல் தவறாமல் விழுவதைப் பார்க்க ஒரு மாதிரி மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. மகன் தன் வகுப்புகளுக்காக இணைய ரௌட்டரை மாடிக்குக் கொண்டுபோன வாரத்தில்தான் இந்த விழுகைகள் தொடங்கின. கீழே என் கம்ப்யூட்டருக்குக் கேபிள் எட்டவில்லை. பஜாரில் 350 ரூபாய்க்கு, கட்டைவிரல் நகம் அளவில் ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினேன். கூடவே ஒரு குட்டி சிடி கொடுத்தார்கள். சிடி போட என் கம்ப்யூட்டரில் இடமில்லை. அட்டையில் அச்சிட்டிருந்த முகவரியிலிருந்து மகன் டிரைவரை இறக்கிப் போட்டான். ரேம் போட்டு ஒன்பது நாள் கழித்து நடந்தது இது. புதிதாக என்ன சேர்ந்தது என்று யோசித்தபோதெல்லாம் எனக்கு ரேம் மட்டுமே நினைவில் வந்தது. 350 ரூபாய்ப் பொருளை நான் பொருளாகவே கணக்கில் வைக்கவில்லை.

அந்த டிரைவரில் முறையான டிஜிட்டல் கையொப்பம் இருந்தது. 64 பிட் விண்டோஸ், விஸ்டா காலத்திலிருந்தே கையொப்பம் இல்லாத கெர்னல் டிரைவரை உள்ளே விடுவதில்லை. ஆனால் கையொப்பம், இது இன்னாருடையது, நடுவில் யாரும் திருத்தவில்லை என்பதற்குத்தான் சான்று. உள்ளே ஒழுங்காக எழுதியிருக்கிறார்களா என்பது வேறு சங்கதி. விஏஓ முத்திரை குத்தினால் ஆள் நல்லவன் என்று ஆகிவிடாது. ஓடுவதற்கு முன்பே நிரலைப் படித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலையை மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் தாமஸ் பாலும், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜமணியும் ஸ்லாம் என்ற திட்டமாகத் தொடங்கினார்கள். அதிலிருந்து ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபையர் என்ற கருவி பிறந்தது. பூட்டை எடுத்தவர் திருப்பிக் கொடுத்தாரா, கொடுக்காமலே இரண்டாம் முறை கேட்கிறாரா என்பது போன்ற விதிகளை வைத்துக்கொண்டு, நிரல் போகக்கூடிய பாதைகளை எல்லாம் அது துழாவும். 350 ரூபாய் அடாப்டரைச் செய்தவர்கள் அந்தப் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பார்களா என்று அன்றைய ராத்திரி கோபமாக நினைத்துக்கொண்டேன்.

டிரைவரை நீக்கியதில் பெரிய கதை இல்லை. டிவைஸ் மேனேஜரில் கருவியை நீக்கும்போது, டிரைவர் மென்பொருளையும் சேர்த்து அழிக்கச் சொல்லும் கட்டத்தில் குறியிட மறந்தால், அடுத்த முறை செருகியதும் விண்டோஸ் தன் பரணிலிருந்து அதையே எடுத்துப் போட்டுவிடும்; ஒரு முறை மறந்து, பட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய போன், ஸ்கேனர் சாவிகளையும் கழற்றிப் போட்டேன். வெரிஃபையரை ரீசெட் செய்தேன். அடாப்டரின் சிப்புக்கு அதைச் செய்தவர்களே தரும் புதிய டிரைவர் ஒன்று இருந்தது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. மாடிப்படி ஓரமாக முப்பது மீட்டர் கேபிள் இழுத்துவிட்டேன். அது பார்க்க எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி என் மனைவிக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதன் பிறகு நீலம் வரவில்லை.

இனி வரப்போவதும் இல்லை. 2025இல் விண்டோஸ் 11 அந்தத் திரையைக் கறுப்பாக்கிவிட்டது. அழுமூஞ்சியையும் எடுத்துவிட்டார்கள். பிழையின் பெயரும் டிரைவரின் பெயரும் இப்போது இன்னும் பளிச்சென்று தெரிகின்றன. ‘லாம்’ எங்கேயும் இல்லை.

கடை

பிழை பிடிபட்ட மறுநாளே கடைக்குப் போயிருக்கலாம். புத்தகக் காட்சி வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். முடிந்தது. பிறகு, போய் என்னவென்று சொல்வது என்று தள்ளிப்போட்டேன். தள்ளத் தள்ள அந்தத் தெரு நீண்டுகொண்டே போயிற்று. அன்று அங்கே நின்றிருந்த இரண்டு வாடிக்கையாளர்களையும் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால்தான் கணக்கு நேராகும் என்றெல்லாம் தோன்றியது. அவர்களில் ஒருவரை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்தேன். என்னை அவருக்கு நினைவே இல்லை.

அடுத்த ஐப்பசியும் வந்தது. அறுநூறு பக்க நூல்கள் வந்தன. கம்ப்யூட்டர் மறுபடியும் மூச்சு வாங்கியது. மார்கழியில் ஒரு நாள் மார்க்கெட் பக்கம் திரும்பாமல் நேரே நடந்தேன்.

தம்பி ஒரு லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு திருகாணிகளை ஒரு பாட்டில் மூடியில் சேகரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “வாருங்கள் அண்ணாச்சி, ஆளையே காணோம்” என்றார். நான் வைஃபை அடாப்டரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இதுதானா? இதே சாதனத்தால் இதுவரை மூன்று சிஸ்டம் வந்துவிட்டது” என்றார்.

அந்த ரேம் இருக்கிறதா என்று கேட்டேன். அன்று ராத்திரியே சோதித்துப் பார்த்துவிட்டு, மறுவாரம் ஒரு ஸ்டூடியோக்காரருக்குக் கொடுத்துவிட்டாராம். இன்றுவரை ஒரு குறையும் இல்லையாம். புதிதாக ஒன்று வேண்டும் என்றேன். போனை எடுத்து மொத்த வியாபாரியிடம் பேசிவிட்டு, சொல்லத் தயங்கினார். ஏஐக்காரர்கள் எல்லா ரேமையும் வாரிக்கொண்டு போகிறார்கள், விலை ஏறிக் கிடக்கிறது, அதே 8 ஜிபி இப்போது 3,400 என்றார்.

நான் பர்ஸை எடுத்தேன்.

“பில் போடட்டுமா அண்ணாச்சி? கேரன்டிக்கு வேண்டியிருக்கும்.”

வேண்டாம் என்றேன். அவர் போட்டுத்தான் கொடுத்தார்.